வின்ஸ்டன் வரைந்த முகம்

1974 நவம்பர் 12, செவ்வாய், இரவு 11.40. இன்று அச்சகத்தில் நான் அச்சுக்காக நிறம் பிரித்தவை 24 பக்கங்கள், ஓர் அட்டை.

ஓவியன் வின்ஸ்டன் உருவாக்கிய சித்திரக்கதை நாயகன் அவனைப் போலவே கறுப்பன். அட்டையில் முகத்தை வெளுக்கச் சொன்னார் பதிப்பாளர். “அது என் தம்பியின் முகம்” என்று வின்ஸ்டன் மன்றாடினான். “ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டாய். அவன் இப்போது எங்கள் சொத்து” என்றார் அவர். நான் அதை வெளுத்துக் கொடுத்தேன்.

வில்லரே பகுதியில் உள்ள வாடகை வீட்டுக்கு வந்து அறைத்தோழன் மணியிடம் பொருமினேன். “பொண்ணு வீட்டுக்கு உங்கம்மா உன் போட்டோவைச் சிவப்பாக்கி அனுப்பினாங்களே, அப்ப வாயைத் தொறந்தியாடா?” என்றான். எரிச்சலோடு இந்த நாட்குறிப்பை எடுத்து உட்கார்ந்தேன்.

1. அம்மாவுக்கு வேறு போட்டோ அனுப்ப வேண்டும்.
2. காலை ஏழுக்கே போய், வின்ஸ்டன் குறித்த நிறத்திலேயே அட்டையை அச்சேற்ற வேண்டும்.
3. வேறு வேலை தேட வேண்டும்.