பேனரில் உன் முகம்

தாராவி
ஞாயிற்றுக்கிழமை

அன்பு மகள் கலைச்செல்விக்கு அம்மா எழுதுவது. இங்கே நானும் அப்பாவும் நலம், அந்தக் கிளாஸ்கோ குளிரில் நீ காதை மூடிக்கொண்டு நலமாக இருக்க மாரியம்மனை வேண்டிக்கொள்கிறேன். போனில் பேசலாம் என்றால் உன் அப்பா பிடுங்கிக்கொண்டு "எம் மவ லைன்ல இருக்கா" என்று தெருவுக்கே காட்டுகிறார், அதனால்தான் தாளில் எழுதி, பக்கத்து வீட்டு ஜெபசெல்வி போனில் படம் பிடித்து அனுப்பச் சொன்னேன். தமிழ் மறந்துபோச்சு என்று சாக்குச் சொல்லாமல் எழுத்துக்கூட்டியாவது முழுசும் படி.

கோயில் கொடைத் திருவிழாவுக்கு உன் படத்தைப் போட்டு அப்பா பேனர் வைத்தாரே, கொடை முடிந்தும் அதைக் கழற்றவில்லை. இன்டர்நெட் பொருளாதாரமும், போனில் பணம் புழங்கும் பின்டெக்கும் படிக்கும் மேதை என்று கொட்டை எழுத்தில் போட்டிருக்கிறது, உனக்கோ முதல் செமஸ்டரே இன்னும் முடியவில்லை. ரேஷன் கடைக்கும் பொதுக் கக்கூசுக்கும் நடுவில் கோட்டு மாட்டிக்கொண்டு சிரித்துக்கொண்டிருக்கிறாய். இப்போது அதற்குக் கீழே மேஜை போட்டு உட்கார்ந்திருக்கிறான் முகேஷ், நாக்கா முச்சந்தியில் மொபைல் கவர் விற்றானே, அவன்தான். ஏதோ ஆப்பாம், பணம் போட்டால் ஆறு மாதத்தில் இரட்டிப்பாம். உன் அப்பாவுக்குச் சால்வை போர்த்தி, ஆலோசகர் என்று கார்டு அடித்துக் கொடுத்துவிட்டான், மனுஷருக்குத் தலைகால் புரியவில்லை, இந்த வெயிலில் சால்வையோடு உட்கார்ந்து முறுக்கு விற்கிறார். இது உம்ம மக ஆப்பா என்று கேட்பவர்களிடம் இல்லை என்று சொல்ல வாய் வரவில்லை, மீசையைத் தடவிக்கொண்டு சிரிக்கிறார்.

இட்லிக்கார முத்துமாரி குடியிருக்கப் புது கோலிக்கு, ஒற்றை அறைதான், டெபாசிட் கட்டச் சேர்த்து வைத்திருப்பதை வருகிற வெள்ளிக்கிழமை இதில் போடப் போகிறாள். வேண்டாம்டி என்று தலைதலையாய் அடித்துக்கொண்டேன். "ஒங்களுக்கு என்னக்கா தெரியும், படிச்ச புள்ள மொகம் இருக்குல்லா, அது போதும் எனக்கு" என்கிறாள். படிப்பு என்றால் இவர்களுக்கு ஜாமீன் கையெழுத்து மாதிரி.

இதைத்தான் போன வாரம் உன்னிடம் கேட்டேன். நீ என்ன சொன்னாய், ரிஸ்க் பார்க்கணும், ரெகுலேஷன் பார்க்கணும், முழு விவரம் இல்லாமல் கருத்துச் சொன்னால் சரியாகாது, அப்பா மனசும் கஷ்டப்படும் என்றாய். ஆகா, என்ன படிப்பு! கடல் தாண்டிப் போய்ப் படித்தது வழவழவென்று பேசத்தானா? எனக்கு முகேஷ் மேல்கூட இவ்வளவு கோபம் இல்லை, அவன் திருடன், திருட்டு வேலை பார்க்கிறான். ஏமாற்று என்று தெரிந்தும் வாயைத் திறக்காத உன் மேல்தான் எனக்கு ஆத்திரம்.

நேற்று மத்தியானம் கத்தரிக்கோலோடு ஸ்டூல் மேல் ஏறி பேனரில் உன் முகத்தை மட்டும் வெட்டி எடுத்துவிட்டேன். தெருவே வேடிக்கை பார்த்தது, அப்பா இன்னும் என்னோடு பேசவில்லை. அந்த முகேஷுக்கு ஒரு வெட்கமும் இல்லை, "டென்ஷன் இல்ல ஆன்ட்டி, பெரிய பேனரே அடிச்சிரலாம்" என்கிறான். அதற்குப் புதுப் போட்டோ வேண்டும் என்று அப்பா இன்றைக்கு உன்னிடம் கேட்பார், பாசமாகக் கேட்பார், அழக்கூடச் செய்வார். அனுப்பிவிடாதே.

வேளைக்குச் சாப்பிடு, தலைக்கு எண்ணெய் வை, ஈரத் தலையோடு வெளியே போகாதே. நல்ல புத்தியும் நீண்ட ஆயுசும் உனக்குக் கிடைக்கட்டும். ஒன்று மறந்துவிடாதே, வியாழக்கிழமைக்குள் வாய்ஸ் மெசேஜ் போடு. இங்கிலீஷ் வேண்டாம், இந்தி வேண்டாம். "முத்துமாரி அத்தை, இது மோசடி, போடாதீங்க" என்று சொல், அவ்வளவுதான். அவளுக்குப் படிக்கத் தெரியாது. உன் குரல் தெரியும்.

இப்படிக்கு
உன் அம்மா
மா. தங்கமயில்