பாலன் பெயரில் முப்பத்திரண்டு சமாதிகள்

அனுப்புநர்:
மீனலோசனி கந்தப்பு, பி.ஏ. (புவியியல்),
பிரிக்பீல்ட்ஸ், கோலாலம்பூர்.

பெறுநர்:
திரு. வீரசிங்கம் அவர்கள்,
இயக்குநர், நிலவரைபடக் கணினிப் பயிற்சி மையம்,
சுபாங் ஜெயா.

பொருள்: காலமான மாணவர் பாலனின் பயனர் பெயரை நீக்காதிருக்கக் கோருதல்.

மதிப்பிற்குரிய ஐயா,

1. நான் இடைநிலைப்பள்ளி ஆசிரியை, வயது நாற்பத்தொன்பது. பலர் ஒரே நேரத்தில் திருத்தக்கூடிய நிலத் தரவுத்தளத்தைத் தங்கள் சனிக்கிழமை வகுப்பில் பயின்று வருகிறேன். மாணவர் ஒவ்வொருவரும் பொது வரைபடத்தின் தனிப் பிரதியில் வரைந்து, பிறகு தாமே அதைப் பொதுவில் இணைக்க வேண்டும். பிறர் பிரதியைப் பார்க்கலாம், திருத்தவோ இணைக்கவோ முடியாது. இணைக்கும் முன் ஒருவர் பெயரை நீக்கினால், அவர் வரைந்ததும் அதோடு போய்விடும்.

2. என் பக்கத்து இருக்கைக்காரர் பாலன், மேரு என்ற ஊரில் ஒரு ரப்பர் தோட்டத்தில் பிறந்தவர். பயிற்சிக்காக அந்தத் தோட்டத்து இடுகாட்டை எடுத்துக்கொண்டு முப்பத்தொரு சமாதிகளைப் பெயர்களோடு பதிந்தார். இணைக்குமுன், ஆகஸ்ட் 18 அன்று லோரி மோதி இறந்தார். பொது வரைபடத்தில் அவ்விடம் இன்னும் வெற்று நிலம். டிசம்பரில் அந்த வரைபடம் தொழிற்பேட்டைத் திட்டத்துக்குப் போகிறது.

3. இப்போது அவர் பிரதியில் முப்பத்திரண்டு சமாதிகள் உள்ளன. கடைசியானது பதிவான நாள் செப்டம்பர் 4. ஆய்வக உதவியாளர் ரமணியிடம் காட்டினேன். "சிஸ்டம் கோளாறு லா டீச்சர். செத்தவரு எப்படி வந்து வரைவாரு?" என்றார். நானும் அப்படியே எண்ணினேன்.

4. நவம்பர் 14 அன்று அந்த இடுகாட்டுக்கே போய், பாலனின் அக்கா வீரம்மா நாடாவைப் பிடிக்க, எல்லைக் கல்லிலிருந்து அளந்து பார்த்தேன். முப்பத்தொன்றும் சரி. முப்பத்திரண்டாவது, பாலனைப் புதைத்த மேட்டின்மேல் விழுந்தது. அங்கே புல் இன்னும் மூடவில்லை.

5. ஒரு தவற்றையும் ஒப்புக்கொள்கிறேன். பாலன் மறதிக்காரர்; தம் கடவுச்சொல்லை என் நோட்டின் ஓரத்தில் எழுதி வைத்திருந்தார். விதியை மீறி, நவம்பர் 20 மதிய இடைவேளையில், அவர் பெயரில் நுழைந்து இணைத்துவிட முயன்றேன். மற்றக் கணினிகள் எல்லாம் அணைந்திருந்தன, ஒவ்வொன்றாகப் பார்த்தேன். இப்பெயரில் ஒருவர் ஏற்கெனவே பணியில் இருக்கிறார் என்று திரை மறுத்தது.

6. எனக்குப் பேய் பிசாசில் நம்பிக்கையில்லை. யாராவது விளையாடியிருந்தால் கண்டுபிடியுங்கள். ஆனால் வீரம்மாவின் தாயும் தகப்பனும் அந்த முப்பத்தொன்றில் இருக்கிறார்கள். வேறு எந்தத் தாளிலும் அவர்கள் இல்லை.

ஆகவே, அறிவித்தபடி நவம்பர் 30 அன்று பாலனின் பெயரை நீக்க வேண்டாம். முப்பத்திரண்டையும் பொது வரைபடத்தில் இணைக்க உத்தரவிடுமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன். தங்களாலும் உள்ளே நுழைய முடியாவிட்டால், வரைபடம் அனுப்புவதைச் சில சனிக்கிழமைகள் தள்ளிவையுங்கள். உள்ளே இருப்பவர் வேலையை முடிக்கட்டும்.

என் இருக்கையை மாற்ற வேண்டியதில்லை.

இடம்: பிரிக்பீல்ட்ஸ்
நாள்: 22.11.1999

தங்கள் உத்தரவை எதிர்நோக்கும்,
(ஒப்பம்) மீனலோசனி கந்தப்பு