பதினோராவது நாற்காலி

பாப்பாவின் அப்பாவுக்கு வணக்கம்.

உங்கள் முட்டிவலி தேவலையா? பாப்பாவுக்கு இருமல் நின்றதா? நான் சௌக்கியம், வேளாவேளைக்குச் சாப்பிடுகிறேன்.

நேற்று அரசு விழா. மேடையில் பதவி வரிசைப்படி நாற்காலி போடுவதுதானே என் வேலை? ஒத்திகையில் நீதிபதியின் இடத்தில் என்னையே உட்காரவைத்தார்கள். டிரைவர் அண்ணன் பெரிய கும்பிடாகப் போட்டார், ஒரே சிரிப்பு.

விழா தொடங்கும் நேரத்தில், பதினோராவது இடத்து அமைச்சர் வரவில்லை என்று தகவல் வந்தது.

"அந்த நாற்காலிய எடுத்துட்டு மத்தவங்கள நகத்திப் போடும்மா. ஆள் இல்லாததே தெரியக்கூடாது," என்றார் மேலதிகாரி.

ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. யாருக்கும் தெரியவும் இல்லை.

ஆபீஸ் வண்டி வந்துவிட்டது, ஓட வேண்டும். சாப்பாட்டு மேசையில் என் நாற்காலி மேல் துவைத்த துணியைக் குவித்தாலும் பரவாயில்லை. அதை எடுத்து மட்டும் விடாதீர்கள்.

பாப்பாவின் அம்மா