பதினாறாம் சேனல்

குளச்சல்
அக்டோபர் 14

அன்பு மருமகள் பெபிஷாவுக்கு மாமா மரியஜான் எழுதுவது. மாதாவின் தயவில் நாங்கள் இருக்கிறோம். சுகம் என்று எழுதக் கை வரவில்லை. குவைத்தில் ஆஸ்பத்திரி வேலை நின்றபடியே பார்க்கும் வேலை, வேளைக்குச் சாப்பிடு.

பாப்பா எல்.கே.ஜி. போகிறாள். வேனில் ஏறும்போது மட்டும் அழுகை. உன் அத்தைக்கு முட்டுவலி கூடுதல். சஜின் கடலுக்குப் போய் நவம்பரில் வருடம் திரும்புகிறது, ஆண்டுப் பூசை வைக்கலாமா என்று பங்குச் சாமியார் கேட்டார். “உடம்பப் பாக்காம பூசையா சாமி, எம் மவன் வருவான்” என்று அத்தை எழுந்து உள்ளே போய்விட்டாள்.

எழுத வந்தது வேறு. போனில் சொல்ல மூன்று தடவை முயன்றேன். உன் குரல் கேட்டதும் இங்கே மழை, பாப்பா தூங்குகிறாள் என்று உளறிவிட்டு வைத்துவிட்டேன். அதனால்தான் லீவு முடிந்து வரும் ஷாஜன் கையில் இதைக் கொடுத்தனுப்புகிறேன்.

விமானம் ஏறப் புறப்பட்ட அன்று நீ கேட்டாய், “குமாரதாஸ் அண்ணன் வயர்லெஸ்ல நாலு தடவ கூப்பிட்டும் இவரு திரும்பல்லியே மாமா, பிள்ளையவிட மீனு பெருசா?” என்று. நான் உன் பெட்டியைத் தூக்கி வண்டியில் வைத்தேன். ஊரும் அதையே சொல்கிறது. மகளே, காற்று வரும் என்ற எச்சரிக்கையை சஜின் கேட்கவே இல்லை.

நம் வயர்லெஸ் அலை நேராகத்தான் ஓடும். கடல் வளைந்து கிடப்பதால், கொஞ்ச தூரம் போனால் அது வள்ளத்தின் தலைக்கு மேலே போய்விடும். அதனால் கரை சொல்வதை நடுவில் நிற்கும் வள்ளம் வாங்கி அடுத்த வள்ளத்துக்குச் சொல்லும். எல்லாம் பதினாறாம் சேனலில். அன்று நடுவில் நின்ற குமாரதாஸ் கூப்பிட்டது பொய்யில்லை. அந்த அலை சஜினின் ஆன்டெனாவில் பட்டுத்தான் இருக்கும். ஆனால் செட் வேறு எண்ணில் நின்றால் வாய் திறக்காது.

வேறு எண்ணில் நிற்கச் சொன்னவன் நான். காற்றுக்கு முந்தின நாள் எங்கள் இரண்டு வள்ளமும் பக்கம் பக்கமாக நின்றன. கூட வரவேண்டிய செல்வதாஸுக்குக் காய்ச்சல், சஜின் தனியாக வந்திருந்தான். கேரை மீன் கூட்டமாகக் கிடந்தது. “மக்கா, பதினாறுல பேசாத, அறுபத்தெட்டுக்கு மாறு, மத்தவனுவ கேட்டா வளைச்சிருவானுவ” என்றேன். மீன் கண்டால் இங்கே எல்லோரும் செய்வதுதான். என் எஞ்சின் மக்கர் பண்ணியது, நான் கரைக்கு வந்துவிட்டேன், அவன் மீனோடு அங்கேயே தங்கினான்.

மறுநாள் எச்சரிக்கை வந்தது. குமாரதாஸைக் கூப்பிட்டு, அறுபத்தெட்டில் அவனைத் தேடு என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். காற்று வலுக்காது, நம் எண்ணை ஏன் வெளியே விட வேண்டும் என்று ஒரு மணி நேரம் யோசித்தேன். நான் சொன்னபோது குமாரதாஸ் கரையை நெருங்கிவிட்டான். அவன் குரலும் அங்கே எட்டவில்லை. இதை இதுவரை யாரிடமும் சொன்னதில்லை.

மாடியில் அத்தை பகலெல்லாம் செட்டைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள். அறுபத்தெட்டில் வைத்தது நான்தான். ஏன் அந்த எண் என்று அவள் கேட்கவில்லை. வெறும் இரைச்சல். எட்டாது குளோரி என்று எத்தனையோ தடவை சொல்லிவிட்டேன். நேற்று நாகர்கோவில் போய்க் குழாய் வாங்கி வந்து, ஆன்டெனாவை இன்னும் பத்தடி உயர்த்திக் கட்டினேன்.

சஜின் மேல் உள்ள கோபத்தை விட்டுவிடு மகளே. அதை என் மேல் வைத்துக்கொள். மாதா உன்னைக் காப்பாள். இனி பாப்பாவோடு பேசும்போது போனை என்னிடம் கொடுக்கச் சொல்ல வேண்டாம். கூப்பிடுவதை மட்டும் நிறுத்திவிடாதே.

உன் மாமா
மரியஜான்