செம்புக் கூலருக்கு அடியில்

பெட்டியைத் திறந்ததும் அந்த வாசனை வந்தது. காகிதத் தூசியும் அச்சு மையும் சூட்டில் வெந்த வாசனை. சிவகாசியில் எந்த டிசைன் அறைக் கம்ப்யூட்டரைத் திறந்தாலும் இதுதான் வரும். உனக்கு மட்டும் அது பிடிக்கும். முகத்தைச் சுளிக்காமல் உள்ளே குனிவாய்.

காலையில் காலண்டர் டிசைன் செய்யும் ஒரு பெண் போன் செய்தாள். "அண்ணாச்சி, சீசனுக்கு மெஷினை ஓவர்கிளாக் பண்ணி வேகத்தக் கூட்டலாம்னு இருக்கேன். உங்க மெஷின்ல இருக்க மாதிரி சிப்செட்டுக்குத் தனி கூலர் வாங்கணுமா? எல்லாரும் உங்களத்தான் கேக்கச் சொல்றாக."

மாடலைப் பார்த்துச் சொல்வதற்காக என் பெட்டியைத் திறந்தேன். மாடல் எழுத்து வெளியே தெரியாததால் செம்புக் கூலரைக் கழற்றித் திருப்பினேன். போர்டில் இருக்கும் சிப்செட் என்ற சில்லோடு ஒட்டவேண்டிய பக்கத்தில், கம்பெனி ஒட்டி அனுப்பிய பிளாஸ்டிக் தாள் உரிக்கப்படாமலே இருந்தது. சூடு கடத்தும் பசையை அதன்மேல் தடவியிருந்தாய். நடுவில் தாள் இருந்தால் சூடு கூலருக்குச் சரியாக ஏறாது.

மறந்துவிட்டாயா? நீயா? உன் அம்மா ஏழாயிரம்பண்ணையில் பட்டாசு கம்பெனிக்குப் போனவர். கல்லூரி விடுமுறையில் நீயும் அங்கே சரவெடி பின்னப் போவாய். அறைக்குள் நுழையுமுன் வாசலில் செம்புத் தகட்டைத் தொட்டு, உடம்பிலிருக்கும் மின்சாரத்தை இறக்கிவிட்டுப் போகவேண்டும் என்பாய். அந்தப் பழக்கம் கடைசிவரை போகவில்லை. என் அறையிலும் ஜன்னல் கம்பியைத் தொட்ட பிறகுதான் பெட்டியில் கை வைப்பாய். அதை மறக்காதவன் தாளை மறந்தான் என்று நான் நம்பவேண்டும்.

கூலர் மாட்டிய அந்த சீசன் உனக்கு நினைவிருக்கும். மெஷினின் வேகத்தைக் கூட்டினால் பெரிய ஃபைல் பாதி ஓடும்போதே திரை உறைந்துவிடும். சிப்செட் சூடுதான் காரணம் என்று நான் படித்து முடிவு செய்திருந்தேன். நீ தொட்டுப் பார்த்துவிட்டுச் சிரித்தாய்.

"ஏலே, இது வெயில்ல கெடக்க கல்லு மாதிரி. தொட்டா சுடும், அதுக்கு ஒண்ணும் ஆகாது. பழைய போர்டுன்னா சரி, வேகத்தக் கூட்டுனா சிப்செட்டும் சேந்து வேகும். இதுல அப்படி இல்ல. பிராசஸர் பக்கத்துல கரண்டு குடுக்க பாகத்தப் பாரு. அங்கன காத்தே போகல."

நீயும் நானும் விருதுநகரில் ஒரே வகுப்பில் இயற்பியல் படித்தவர்கள். எனக்குத் தெரியாததா? அதோடு, என் போட்டிக்காரன் அச்சகத்தின் கம்ப்யூட்டர்களையும் நீதான் பார்த்துவந்தாய். பெரிய காலண்டர் ஆர்டர் எனக்கா அவனுக்கா என்று இழுபறியில் இருந்தது. என் மெஷின் மெதுவாக ஓடினால் யாருக்கு லாபம்? கேட்டேவிட்டேன். "வாங்கிட்டு வா, மாட்டுறேன்" என்றாய்.

சென்னையிலிருந்து கூலரை வரவழைத்தேன். மாட்டினாய். அதன்பின் மெஷின் ஒருமுறைகூட நிற்கவில்லை. ஆர்டர் எனக்கு வந்தது.

டீக்கடையில் எல்லோர் முன்னும் கேட்டேன்: "யாருக்குலே சூடு பத்தித் தெரியாது?"

"சரிலே, நீதான் ஜெயிச்ச. டீ ஆறுது, குடி."

அன்றுமுதல் ஊரெல்லாம் சொன்னேன்: வேகத்தைக் கூட்டுவதென்றால் முதலில் சிப்செட் கூலர். வாங்கி மாட்டியவர்களும் உண்டு. நீ எதிரே உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தாய். பிறகு வருவதைக் குறைத்தாய். போன ஆடியில் ஒரேயடியாகப் போய்விட்டாய்.

தாளைப் பார்த்தபின் டார்ச் அடித்துத் தேடினேன். பிராசஸர் பக்கத்தில், வயர்க் கட்டுக்குப் பின்னால், ஒரு சின்ன விசிறி. நீ அன்று கைகாட்டிய பாகத்தை நோக்கித் திருப்பி, வெள்ளை நூலால் கட்டியிருந்தாய். சரம் பின்னும்போது போடுகிற முடிச்சு.

செத்தவனையும் சோதித்துத்தான் பார்த்தேன். தாளை உரித்து, புதுப் பசை தடவி, கூலரை முறையாகப் பொருத்தினேன். அதே வேகம், அதே ஃபைல். பிராசஸரின் சூடும் குறையவில்லை, வேலையும் வேகமாக முடியவில்லை. பிறகு நூலை வெட்டி விசிறியை எடுத்தேன். ஃபைல் பாதி ஓடுமுன் திரை உறைந்தது. பழையபடியே.

ஆக, நீ சொன்னது சரி. அதை என்னிடம் சொல்லியிருக்கலாமே? எனக்கு விட்டுக்கொடுத்ததாக உன் வீட்டார் சொல்லக்கூடும். விட்டுக்கொடுப்பவன் தாளை உரித்தாவது மாட்டியிருப்பான். என்றாவது ஒருநாள் நானே திறந்து பார்க்கட்டும் என்றுதானே விட்டுவைத்தாய்? அதுவரை ஊர் முன்னால் நான் உளறுவதை டீயோடு ரசித்தாய். ஆனால் அந்த விசிறி? அதை எந்தக் கணக்கில் வைப்பது என்றுதான் எனக்குத் தெரியவில்லை.

அந்தப் பெண்ணைக் கூப்பிட்டு, கூலர் வேண்டாம், பிராசஸர் பக்கம் காற்று போகிறதா என்று பார்க்கச் சொன்னேன்.

"அப்ப நீங்க எதுக்கு வச்சிருக்கீக அண்ணாச்சி?"

"தெரிஞ்சவன் ஒருத்தன் மாட்டினது" என்றேன்.

விசிறியைத் திரும்பக் கட்ட உன் முடிச்சைப் போட்டுப் பார்த்தேன். வழுக்கிக்கொண்டே போனது. பிளாஸ்டிக் டேக் போட்டு இறுக்கிவிட்டேன். மூடும்போதுதான் உறைத்தது, தொடங்கும்போதே என் கை ஜன்னல் கம்பிக்குப் போய்வந்திருந்தது.

வெட்டிய நூல் மேசை டிராயரில் கிடக்கிறது. உன் முடிச்சு அதில் அப்படியே இருக்கிறது. அவ்வப்போது எடுத்து, இரண்டு பக்கமும் பிடித்து இழுத்துப் பார்க்கிறேன்.