நைனாவுக்கு ஒரு வேலி

நவம்பர் 2, ஞாயிறு

இரவு முழுக்க மழை, விடிந்ததும் விட்டது. தெருப்பக்கத்து வேலி மொத்தமாகப் படுத்துவிட்டது. கட்டைகளின் அடியெல்லாம் கரையான். தள்ளியது மழையா நைனாவா, தெரியவில்லை.

நைனாவைக் கண்டுபிடித்தது பைபாஸ் திரும்பும் இடத்தில். கையில் டிபன் பாக்ஸ், காலில் செருப்பு இல்லை. டீக்கடைக்காரர் பிடித்து உட்கார வைத்திருந்தார். "டூட்டிக்குப் போறேன்னு ரோட்டக் குறுக்கால தாண்டறாரும்மா. லாரிக்காரன் பிரேக்கு போட்டதால தப்பிச்சாரு."

ரிட்டயர் ஆகிப் பல வருடம் ஆகிறது. பழுக்கக் காய்ச்சி இரும்புக் கம்பி உருட்டுகிற அந்த ரோலிங் மில்லே இப்போது இல்லை. ஆனாலும் பக்கத்துக் கம்பெனியில் ஷிஃப்ட்டுக்குச் சங்கு ஊதினால் போதும், அப்பா எழுந்துவிடுகிறார். பெற்ற பெண்ணின் பெயர் மறந்துவிட்டது. சங்கு மட்டும் மறக்கவில்லை.

பகலில் எதிர் வீட்டு மேரி அக்கா பார்த்துக்கொள்கிறார். அவருக்கும் மூட்டுவலி, பின்னால் ஓட முடியாது. வேலி நின்றால்தான் நான் வேலைக்குப் போக முடியும். என் வீட்டுக்காரர் இருக்கிறாரே, இவருக்கு இது விளையாட்டாக இருக்கிறது. "ஒரு நாள் வேலடி. சாயங்காலத்துக்குள்ள முடிச்சிடுவேன்."

வாங்க: ஆணி. உப்பு. நைனா மாத்திரை. கடப்பாரை, மே.அக்காவிடம் கேட்க.

நவம்பர் 3, திங்கள்

லீவு போட்டேன். சூப்பர்வைசர் போனில் முணுமுணுத்தான்.

இவர் சொன்னபடி ஒரே நாளில் முடித்தார். ஒரே நாளில் விழுந்தது. ஸ்கிராப்பில் எடுத்த பேலட் கட்டை, குறுக்கே பெட்டி கட்டுகிற இரும்புப் பட்டை. எங்கள் தெருவில் பாதி வேலி இதுதான். கப்பலில் மெஷினைச் சுமந்து வந்த கட்டைக்கு நம்மூர்க் கரையானைப் பற்றி என்ன தெரியும்? கேட்டால், "ஓசில வர்றத வாணாம்னுவாங்களா?"

குழி ஒரு முழம்கூட ஆழம் இல்லை. மண் களிபோல இருந்தது. "காஞ்சா தானா புடிச்சிக்கும்" என்றார்.

காயும்வரை சங்கு காத்திருக்குமா? மத்தியானம் ஊதியது. நைனா வந்தார், இரண்டு கையையும் பலகைமேல் வைத்துச் சாய்ந்தார். பலகை ஆணியோடு பெயர்ந்து தெருவில் விழுந்தது. அதன்மேலேயே மிதித்துக்கொண்டு போனார். மே.அக்கா போட்ட சத்தத்தில்தான் ஓடிப் பிடித்தேன்.

இவர் பலகையைப் பார்க்கிறார், ஆணியைப் பார்க்கிறார், கடைசியில் என்னைப் பார்க்கிறார். நானா ஆணி அடித்தேன்?

நவம்பர் 5, புதன்

வெயில். இவரோடு பாய் ஹார்டுவேர் கடைக்கு.

பாய் கேட்டார்: "வேலி இன்னாத்துக்குப்பா? ஆடா, மாடா?"

இவர் சட்டென்று, "மாடு பாய். தெரு மாடு, பேஜாரு தாங்கல."

பக்கத்தில்தான் நின்றேன். வாயைத் திறக்கவில்லை. எதற்கு வேலி என்று கடையில் நான்கு பேர் முன்னால் சொல்ல எனக்கும் கூச்சமாக இருந்தது. பாய் மாட்டுக்கு என்ன கொடுப்பாரோ அதைக் கொடுத்தார். சிமெண்ட் கம்பம், முள்கம்பி.

வரும் வழியில் நாஷ்டா. இட்லி ஆறிப்போயிருந்தது.

நவம்பர் 8, சனி

குழி இந்தத் தடவை ஆழம். அதுவரைக்கும் சந்தோஷம்.

கம்பத்தை நட்டு ஜல்லிக் கலவை கொட்டினார். இரண்டு நாளாவது விடுங்கள் என்றேன். நாளைக்கு அவருக்கு டூட்டியாம், அதனால் சாயங்காலமே கம்பியை இழுத்துக் கட்டியாக வேண்டுமாம். கலவை இன்னும் கையில் ஒட்டுகிறது, இவர் கடப்பாரையில் கம்பியைச் சுற்றி இழுக்கிறார். மே.அக்கா தெருவிலிருந்து, "மூலைக் கம்பத்துக்கு முட்டு குட்தியா தம்பி?" என்றார். இவர் காதில் விழாத மாதிரி இருந்தார். முட்டு கொடுக்கவில்லை. மஞ்சள், குங்குமம் வைத்து எலுமிச்சம்பழம் கட்டினார்.

நவம்பர் 9, ஞாயிறு

எழுதவே கை வரவில்லை.

காலையில் பார்த்தால் மூலைக் கம்பம் வீட்டைப் பார்த்து வணக்கம் போட்டுக்கொண்டு நிற்கிறது. எலுமிச்சம்பழம் பத்திரமாக இருக்கிறது. கம்பி முழுக்கத் தொய்வு.

நான் குளித்துக்கொண்டிருந்தபோது சங்கு. வெளியே வந்தால் நைனா முள்கம்பியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நிற்கிறார். விடவில்லை. ரத்தம் முழங்கைவரை. ஒவ்வொரு விரலாகப் பிரித்தேன். வலிக்குதா நைனா என்றால், "கம்பி சூடா கீதும்மா. பாத்துப் புடி" என்கிறார். எனக்கு எச்சரிக்கை சொல்கிறார்.

ஆஸ்பத்திரி. இவரும் டூட்டியை விட்டு ஓடி வந்தார். தையல், ஊசி. நர்ஸ் எப்படி ஆச்சு என்று கேட்டார். இவர் மறுபடியும், "மாட்டுக்குப் போட்ட வேலி சிஸ்டர்..."

எனக்குத் தலைக்கு ஏறியது. "மாடு இல்ல. எங்கப்பா. எங்கப்பாவுக்குப் போட்ட வேலி" என்று கத்திவிட்டேன். வரிசையில் இருந்தவர்கள் எல்லாம் திரும்பினார்கள்.

வெளியே வந்ததும் இவர் மெதுவாக, "ஊர்ல இன்னா பேசுவாங்க தெரியுமா? மாமனார கம்பிக்குள்ள அடைச்சி வச்சிக்கீறான்னு." கண் கலங்கியிருந்தது. இந்த மனிதரைத் திட்டவும் முடியவில்லை, திட்டாமல் இருக்கவும் முடியவில்லை.

நவம்பர் 10, திங்கள்

மறுபடி லீவு. தனியாக பாய் கடைக்கு. முள்கம்பிச் சுருளைக் கொண்டுபோய்ப் போட்டேன்.

"எங்க நைனாவுக்குத்தான் பாய் வேலி. ஞாபகம் இல்ல. ரோட்டுக்கு ஓடறாரு."

பாய் சுருளைப் பார்த்தார். என் முகத்தைப் பார்த்தார். "இத மொதல்லியே சொல்றதுக்கு இன்னாமா? முள்ளக் குட்த்து அனுப்பிட்டனே நானு."

அவர் சொன்னது, மறப்பதற்குள்:

முள் கூடவே கூடாது, கம்பி வலை.

வெளியிலிருந்து வருவதைத் தடுக்க வெளிப்பக்கம் அடிப்பார்கள். நமக்கு உள்ளிருந்து தள்ளுகிற ஆள். வலையை உள்பக்கம் கட்ட வேண்டும், தள்ளத் தள்ளக் கம்பத்தோடு அழுந்தும். (அதனால்தான் அன்றைக்கு ஆணி பெயர்ந்தது.)

மூலைக்கு முட்டு.

கலவை இறுகும்வரை கம்பத்தை ஒருத்தரும் தொடக்கூடாது. "உன் ஊட்டுக்காரரும்தான்" என்றார்.

இதையெல்லாம் ஒரு வாரம் முன்னால் கேட்டிருக்கலாம். வெட்கம் பார்த்ததில் நைனா கை கிழிந்தது. மனசு ஆறவில்லை.

நவம்பர் 12, புதன்

தூறல். மூலைக் கம்பத்தைப் பெயர்த்து மறுபடி நட்டு, முட்டும் கொடுத்தாயிற்று. இறுகட்டும்.

இவர் டூட்டி போகும்போது ஒருமுறை, வரும்போது ஒருமுறை கம்பத்தை ஆட்டிப் பார்க்கிறார். "கெட்டி ஆயிடுச்சான்னு பாத்தேன்." ஆட்டினால் எப்படி ஆகும்?

வேலி இல்லாத இடத்தில் கட்டிலைக் குறுக்கே போட்டு நானும் மே.அக்காவும் முறைபோட்டு உட்கார்ந்திருக்கிறோம். நைனா எங்களைச் சுற்றி வழி தேடுகிறார். அக்கா ஜபமாலையை உருட்டிக்கொண்டே, "இன்னிக்கி லீவு மேஸ்திரி, போய்ப் படு" என்கிறார். அவர் சொன்னால் கேட்கிறார். நான் சொன்னால் யார் நீ என்கிறார்.

அரிசி தீர்ந்தது. கேஸ் புக் பண்ண.

நவம்பர் 16, ஞாயிறு

வலை கட்டி முடித்தோம், உள்பக்கம். இவர் பொறுமையாகக் கட்டினார், நானும் பிடித்தேன். கம்பி முனைகளை எல்லாம் வெளிப்பக்கம் மடக்கிவிட்டார், நைனா கையில் படாமல். நான் சொல்லாமலே செய்தார். வாழ்க்கையில் முதல் தடவை.

கேட்டில் ஒரு கூத்து. கொண்டியை உள்பக்கமே வைத்துவிட்டோம். நைனா வந்து ஒரு நொடியில் திறந்தார். மூளை மறந்தாலும் கை மறக்கவில்லை. பூட்டு வாங்கி மாட்டினோம்.

இவர் தோளால் இடித்துப் பார்த்தார், அசையவில்லை. நாளையிலிருந்து வேலைக்குப் போகலாம்.

நவம்பர் 17, திங்கள்

மேகம், மழை இல்லை. சாதம் கட்டிக்கொண்டிருந்தேன். சங்கு.

ஜன்னல் வழியாகப் பார்த்தேன். நைனா டிபன் பாக்ஸோடு கேட்டுக்குப் போனார். தள்ளினார். கட்டுப்போட்ட கையால் பூட்டை இழுத்தார். வலையில் சாய்ந்தார். எதுவும் அசையவில்லை. அப்பாடா என்று இருந்தது.

பிறகு அவர் அப்படியே கேட்டடியில் உட்கார்ந்துவிட்டார். நான் வெளியே போனதும் நிமிர்ந்து பார்த்தார். என் கழுத்தில் கம்பெனி ஐடி கார்டு.

"நீயும் ஃபர்ஸ்ட் ஷிஃப்ட்டாம்மா?"

ஆமாம் என்றேன்.

பக்கத்தில் வரச்சொல்லி, குரலைத் தாழ்த்திச் சொன்னார். "கம்பெனிய மூடிட்டானுங்க போலக் கீது. கேட்டுல பூட்டு தொங்குது பாரு. ஊட்ல யாருக்கும் சொல்லிடாத. எம் பொண்ணு பத்தாவது எழுதுது. தெரிஞ்சிச்சின்னா, படிப்ப வுட்டுட்டு நானு வேலைக்குப் போறேன்னு வந்து நிக்கும்."

சொல்ல மாட்டேன் என்றேன்.