தொழில்: மீன்பிடிப்பு

பாளையங்கோட்டை,
3.3.1996

தம்பிக்கு,

உன் அத்தானுக்கு இடுப்புக்குக் கீழே இன்னும் உணர்வு வரவில்லை. புன்னக்காயல் கடலில் சங்கு குளித்துவிட்டு வேகமாக மேலே வந்ததில், இரத்தத்தில் காற்றுக் குமிழ் அடைத்துவிட்டதாம். அன்றே கொச்சிக்குக் கொண்டுபோய் அழுத்த அறையில் வைத்துக் குமிழைக் கரைத்திருந்தால் நடந்திருப்பார் என்று இங்கே ஆஸ்பத்திரி டாக்டர் சொன்னார்.

அதற்குத்தானே நீ ஏஜெண்ட் ஆனதும் முதல் ஆளாக அவருக்கு இன்சூரன்ஸ் போட்டாய்? "கடல்ல ஒண்ணுன்னா கம்பெனியே வண்டி அனுப்பும்க்கா" என்றாய். அன்றே கம்பெனிக்குப் போன் செய்தேன். பாரத்தில் தொழில் மீன்பிடிப்பு என்று இருக்கிறது, முங்கிச் சங்கெடுப்பவருக்கு இது செல்லாது, வண்டி வராது என்றார்கள். உண்மையை எழுதினால் பாலிசி கிடைக்காது என்பது உனக்கு மட்டும் தெரிந்திருக்கிறது.

நேற்று கம்பெனி அதிகாரி விசாரிக்க வந்தார். "பாரத்த யாரு நிரப்புனா?" என்று கேட்டார். நான் வாயைத் திறப்பதற்குள் உன் அத்தான் முந்திக்கொண்டார்.

"நாந்தான் சார் அப்படி எழுதச் சொன்னேன். அந்தப் பயலுக்கு ஒண்ணும் தெரியாது."

அதிகாரி அதை எழுதிக் கையெழுத்தும் வாங்கிக்கொண்டு போனார். இனி எங்கே போய் நாங்கள் நியாயம் கேட்பது?

"எதுக்குப் பொய் சொன்னிய?" என்று அழுதேன்.

"அவன் பொழப்பாவது கெடாம இருக்கட்டும், பிள்ள" என்றார்.

உன் பிழைப்பு கெடவில்லை. ஆனால் இங்கே வந்துவிடாதே. வந்தால் அவர் உன்னிடம் சிரித்துப் பேசுவார். அதை என்னால் பார்த்துக்கொண்டிருக்க முடியாது.

உன் அக்கா